பொருட்கள் வெளியே வந்தாச்சா?

குருவுக்கு நாற்பது வயது ஆகவில்லை. சீடருக்கு அடுத்த மாதம் பணி ஓய்வு. இப்படியும் ஒரு குருகுலமா என்று சிரிப்பவர்கள், ஆழிக்குளம் மின்கழகத்தின் பயிற்சிக்கூடத்தை ஒரு வியாழக்கிழமை எட்டிப் பார்த்திருக்கலாம். முன்வரிசையில், இளவட்டங்களுக்கு நடுவே, நரைத்த தலை ஒன்று தெரியும். அதுதான் சீடர் அருளப்பன். கழகத்தில் செயற்பொறியாளர்.

குரு செண்பகவல்லி, பாதுகாப்பு அதிகாரி. அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு ஒருமுறை அருளப்பனின் பிரிவில் ஒருவர் கம்பத்திலிருந்து விழுந்தார். அதற்குத் தண்டனையாக, டீச்சரின் வகுப்பில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. மனிதர் வேப்பங்காயைக் கடித்த முகத்தோடுதான் வந்தார். பிறகு எழுந்து போகவே இல்லை.

"சிஷ்யப் பிள்ளைக்குப் பல்லு முளைச்சாச்சா?" என்று சக அதிகாரிகள் கேட்பார்கள்.

"முளைச்சது விழவும் ஆரம்பிச்சாச்சு" என்பார் அருளப்பன். வாதம் என்றால் அவருக்கு வெல்லக்கட்டி. தோற்றுத் திரும்பினாலும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வருவார்.

அன்றைக்கு வியாழக்கிழமை இல்லை. ஆனாலும் காலையிலேயே வந்து நின்றார். புதுச் சட்டை. முகம் மட்டும் பழையது.

"டீச்சர், இன்னைக்குச் சாயங்காலம் விழா. மேடையில நான் ஒரு வாக்கியம் சொல்லணும். சொல்லலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எந்த வாக்கியம்?"

"எங்கள் கழகத்திலிருந்து குப்பைமேட்டுக்கு எதுவும் போவதில்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் ஓடினார். குப்பையில்லாக் கழகம் என்று பட்டயம் வரப்போகிறது. கழகத் தலைவர் கையால் வாங்கப்போகிறார். ஓய்வு பெற்ற பிறகு நினைத்துப் பார்க்க அவருக்கென்று இருப்பது அது ஒன்றுதான். ஆனால் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது, வாக்கியம் நடுத்தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

"போகாட்டி எல்லாம் எங்கே போகுது?"

"செம்பும் அலுமினியமும் இரும்பும் உருக்காலைக்கு. எண்ணெய் சுத்திகரிப்புக்கு. மிச்சத்தை ஒப்பந்தக்காரர் எடுத்துக்கிறார்."

"மிச்சம்னா?"

"பீங்கான்தான். கம்பத்துல கம்பியைத் தாங்குமே, அந்த இன்சுலேட்டர். கழட்டினது. விரிசல் விட்ட பீங்கானை எவன் வாங்குவான்?"

"ஒப்பந்தக்காரர் அதை எங்கே கொண்டுபோறார்?"

"கேட்டைத் தாண்டினா அது அவர் பாடு, டீச்சர். பிரசவம் ஆன பிறகும் பிள்ளை ஆஸ்பத்திரிக்கா சொந்தம்?"

"இல்லை. பெத்தவளுக்குத்தான்."

 

செண்பகவல்லி தலைக்கவசத்தை எடுத்தார். "கிழக்கு லைன்ல இன்னைக்கு ஷட்டவுன். குப்பைமேட்டு ஓரத்துக் கம்பத்துல இன்சுலேட்டர் மாத்தணும். எல்.சி. உங்க பேர்ல வாங்குங்க, அண்ணாச்சி. நானும் வர்றேன்."

"என் கேள்விக்குப் பதில்?"

"முதல்ல எல்.சி. வாங்குங்க."

எல்.சி., அதாவது லைன் கிளியர், மின்கழகத்து ஆட்களுக்கு வேதம். கம்பியில் கை வைக்கும் முன் ஒருவர் தன் பெயரில் துணைமின் நிலையத்தில் அனுமதி கேட்பார். அங்கே மின்சாரத்தை நிறுத்துவார்கள். வேலை முடிந்ததும் அதே ஆள், அதே வாயால், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது ஆபரேட்டர் இரண்டு கேள்வி கேட்பார். ஆட்கள் வெளியே வந்தாச்சா? பொருட்கள் வெளியே வந்தாச்சா? இரண்டுக்கும் ஆமாம் வந்தால்தான் மின்சாரம். வாங்கியவருக்குப் பதிலாக அமைச்சரே வந்து நின்றாலும் நடக்காது.

ஆபரேட்டர் இதாயத்துல்லா போனில் சிரித்தார். "விழா மண்டபமும் கிழக்கு லைன்தான் சார். ஊரும் ஆஸ்பத்திரியும் வேற லைன், அதுக்குக் கவலை இல்லை. எல்.சி.யைப் பையில போட்டுக்கிட்டு மேடை ஏறிடாதீங்க. அப்புறம் மைக் உங்களைப் பார்த்து முழிக்கும்."

"அஞ்சு மணிக்குள்ள கொடுத்துடறேன்யா."

ஜீப் ஊரைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, மேட்டின் மேல் ஏறி நின்றது.

குப்பைமேடு என்பது அருளப்பனுக்கு வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதில் கால் வைப்பது இதுதான் முதல்முறை. அங்கங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு காக்கைகூட இல்லை. இவ்வளவு குப்பையில் காக்கை இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. அதை மனசுக்குள்ளேயே அமுக்கிவிட்டார்.

கூட வந்த ஆட்கள் கம்பியைச் சோதித்தார்கள். மின்சாரம் இல்லை. கம்பியில் எர்த் ராடுகளை மாட்டினார்கள். இனி யாராவது தவறுதலாக மின்சாரம் விட்டாலும் அது மண்ணுக்குள் போய்விடும். லைன் செத்துக் கிடந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஈரமான காலையில் உயரழுத்தக் கம்பிக்குக் கீழே நின்றால் காதோரம் ஊறுமே, அந்த ரீங்காரம். அருளப்பன் முப்பது வருஷம் கேட்டுப் பழகியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். செத்த கம்பி. சத்தம் மேலேயிருந்து வரவில்லை.

"உங்களுக்கும் கேக்குதா ஐயா? அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கல."

பேசியவள் மாடத்தி. மேட்டில் பாட்டிலும் தகரமும் பொறுக்கிப் பிழைப்பவள். அவள் குடிசை கம்பிக்கு நேர் கீழே இருந்தது. குடிசையைச் சுற்றி, காப்பி நிறத்தில் பளபளவென்று, குடையைக் கவிழ்த்ததுபோல வரிசையாக இன்சுலேட்டர்கள். அடுப்புக்கல்லும் அதேதான்.

"என்ன சத்தம்மா இது?"

"கரண்டு இருக்கிற நாள்ல மேல பேசும். நீங்க நிறுத்துற நாள்ல கீழ பேசும்."

"காத்தா இருக்கும்."

"புகையைப் பாருங்க." புகை ஊன்றின கம்பு மாதிரி நேராக நின்றது. "உங்களுக்கு மாசத்துக்கு ஒருநாள் ஷட்டவுன். தலைக்கு மேல கம்பி போயும் எனக்கு எல்லா நாளும் ஷட்டவுன்தான். அதனால எனக்குப் பழகிட்டு."

அருளப்பன் குடிசையைத் தாண்டி நடந்தார். சரிவு தெரிந்தது. அவர் நின்றுவிட்டார்.

சரிவு முழுக்க இன்சுலேட்டர்கள். மண்ணில் பாதி புதைந்தவை, சாம்பலில் கழுத்தளவு நின்றவை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தவை. மொட்டைத் தலைகள் கூட்டமாக உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருப்பது போல. ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெயில் பட்டு ஒரு குட்டிச் சூரியன். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் கழகத்தின் முத்திரையான அலைக்குறி.

"யாரு கொண்டுவந்து கொட்டுறது?"

"பேர் எழுதாத லாரி ஐயா." மாடத்தி சாக்கை உதறினாள். "லாரியில எழுதாட்டி என்ன, சரக்குல எழுதியிருக்கே."

கம்பத்தின் மேல் ஆட்கள் இருவர் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். விரிசல் விட்ட இன்சுலேட்டரைக் கழற்றி, காலங்காலமாகச் செய்வதுபோல, பார்க்காமலே கீழே விட்டார்கள். முதலாவது விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும்.

விழுந்த சத்தம் ஒன்றுக்கும் கேட்கவில்லை.

அருளப்பன் திரும்பி டீச்சரைப் பார்த்தார். அவர் ஜீப் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. ஒரு கதை சொல்றேன்."

"கதைக்கு இப்ப என்ன அவசரம்?"

"வேலை முடியற வரைக்கும் வேற என்ன செய்யப்போறோம்? மலையடிவாரத்துல ஒரு லைன். சுடலையாண்டின்னு ஒருத்தர். ஒத்தை ஆளா எல்.சி. வாங்கிட்டுப் போனார். பொழுது சாய போன் வந்துச்சு. அவர் குரல்தான். லைன் கிளியர், கரண்ட் விடலாம்னார். ஆபரேட்டர் வழக்கம்போலக் கேட்டார். ஆட்கள் வெளியே வந்தாச்சா? வந்தாச்சுன்னு பதில். பொருட்கள் வெளியே வந்தாச்சா?"

"ம்."

"பதில் இல்லை. மறுபடி கேட்டார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர் கரண்ட் விடலை. மேலதிகாரி குதிச்சார். அப்பவும் விடலை. விடிஞ்சதும் போய்ப் பார்த்தாங்க. சுடலையாண்டி கம்பத்தடியில கிடந்தார். பாம்பு. உயிர் போனது மத்தியானமே. எர்த் ராடு கம்பியிலேயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

அருளப்பன் உடனே பிடித்தார். "மத்தியானம் செத்தவர் சாயங்காலம் எப்படிப் போன் பண்ணுவார்? தர்க்கமே இல்லையே."

"சரி, அதை விடுங்க. முதல் கேள்விக்குப் பதில் சொன்னவர் ரெண்டாவதுக்கு ஏன் சொல்லலை?"

அருளப்பன் யோசித்தார். யோசிக்க யோசிக்கப் பிடரியில் ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டார். கையில் சாம்பல்தான் ஒட்டியது.

வெயில் தாழ்ந்தது. ஆட்கள் இறங்கிவந்தார்கள். எர்த் ராடுகளை எடுத்தார்கள். ஏணி, கயிறு, கையுறை எல்லாம் ஜீப்பில் ஏறிவிட்டதா என்று அருளப்பன் தானே குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"இதாயத்து, கிழக்கு லைன் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கிறேன்."

"வாங்க சார், வாங்க. மண்டபத்துல எல்லாரும் வந்தாச்சு. அழைப்பிதழை மடிச்சு விசிறிக்கிட்டு இருக்காங்களாம். ஆட்கள் வெளியே வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"பொருட்கள் வெளியே வந்தாச்சா?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஆயிரம் தடவை சொன்ன பதில்தான். டீச்சர் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

அருளப்பன் போனைக் கையால் பொத்தினார். "பொருட்கள்னா ஏணி, கயிறு, எர்த் ராடு. நாம கொண்டுவந்தது."

"அந்த இன்சுலேட்டரை யார் கொண்டுவந்தது?"

"அது கழட்டினது, டீச்சர்."

"கழட்டினா நம்மளது இல்லாம போயிடுமா?"

"இப்படிப் பார்த்தா..." அவர் நிறுத்தினார். நியாயத்துக்குப் பயந்த மனிதர். "சரி. ஒத்துக்கிறேன். இன்னைக்குக் கழட்டினது மூணுதானே? எடுத்து ஜீப்புல போட்டுடறேன். பிரச்சினை தீர்ந்தது."

"எடுங்க."

புதுச் சட்டையோடு சரிவில் இறங்கினார். கம்பத்துக்கு நேர் கீழே ஒன்று கிடந்தது. விரிசல் இருந்தது. தொட்டார். வெதுவெதுவென்றிருந்தது. இதுதான் என்று எடுத்தார். பக்கத்தில் இன்னொன்று, அதிலும் விரிசல், அதுவும் வெதுவெதுப்பு. அதற்கு அப்பால், மண்ணில் பாதி புதைந்து கிடந்த பழையதைத் தொட்டார். அதுவும் இப்போதுதான் கம்பியிலிருந்து இறங்கியது போலச் சுட்டது. உள்ளங்கையில் எறும்பு ஓடுவது போல மெல்ல அதிர்ந்தது.

"எங்கேய்யா போட்டீங்க?" என்று மேலே ஜீப்பருகே நின்ற ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

ஒருவர் வலப்பக்கம் காட்டினார். மற்றவர் இடப்பக்கம் காட்டினார்.

"எதைத் தேடுதீக?" மாடத்தி சாக்கோடு இறங்கிவந்தாள்.

"இன்னைக்குப் போட்டது எதுன்னு."

"என்னைக்குப் போட்டா என்ன? எல்லாம் உங்க சரக்குதானே."

அருளப்பன் ஒன்றை எடுத்தார், வைத்தார். வேறொன்றை எடுத்தார், அதையும் வைத்தார். எல்லாவற்றிலும் அலைக்குறி. எல்லாவற்றிலும் அதே சூடு. மூன்றை எடுத்துக்கொண்டு போனால் மூன்றாயிற்று என்று அறிவு சொன்னது. எந்த மூன்று என்று கை கேட்டது. அவர் சரிவின் அடிவரை பார்த்தார். அடி தெரியவில்லை.

"இதையெல்லாம் எடுத்தா எப்ப முடியும்?" என்று முணுமுணுத்தார்.

"கொட்டும்போது அதை யாரும் கேக்கலியே ஐயா" என்றாள் மாடத்தி.

போன் இன்னும் கையில்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து இதாயத்துல்லாவின் குரல் சிறுத்துக் கேட்டது.

"சார்? பொருட்கள் வெளியே வந்தாச்சா?"

அருளப்பன் போனைக் காதில் வைத்தார். சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. மண்டபத்தில் விளக்கு எரியும், மைக் உயிர் பெறும், பட்டயம் கைக்கு வரும். வாயைத் திறந்தார். காலையில் நின்ற இடத்திலேயே முள் நின்றது.

"சார், பொருட்கள்?"

ரீங்காரம் காலடியிலிருந்து முழங்காலுக்கு ஏறியது.

"சார்..." இதாயத்துல்லாவின் குரல் இறங்கியது. அந்தக் கதை அவருக்கும் தெரியும்போல. "நீங்க உயிரோடதானே இருக்கீங்க?"

அருளப்பன் சரிவில் ஏறி ஓடிவந்து போனை டீச்சரிடம் நீட்டினார். மூச்சு வாங்கியது. "நீங்க சொல்லிடுங்க. பாதுகாப்பு அதிகாரி நீங்க. நீங்க சொன்னா அவன் கேப்பான்."

செண்பகவல்லி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எல்.சி. என் பேர்ல இல்லை, அண்ணாச்சி."

 நீட்டிய கை மடங்கியது.

"இதாயத்து." அருளப்பனின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ஆட்கள் வந்தாச்சு. பொருட்கள் இன்னும் வரலை. லைன் கிளியர் இல்லை."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். "என்ன பொருள் சார்?"

"நம்ம பொருள்தான்."

"எவ்வளவு?"

அருளப்பன் திரும்பிச் சரிவைப் பார்த்தார்.

"தலைவர் மண்டபத்துல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கார் சார். நீங்க மேடை ஏறணுமாம். அவருக்கு என்ன சொல்ல?"

அருளப்பன் மறுபடி போனைப் பொத்தினார். இம்முறை வாதத்துக்காக இல்லை. மீசையில் சாம்பல் ஒட்டியிருந்தது. சட்டையின் முன்பக்கம் முழுக்க வட்டவட்டமாகக் கறை.

"டீச்சர், காலையில ஒண்ணு கேட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லலாமா கூடாதான்னு. இன்னும் நீங்க பதில் சொல்லலை."

செண்பகவல்லி சரிவில் இறங்கி, மாடத்தியிடமிருந்து ஒரு சாக்கை வாங்கினார். அதன் வாயை விரித்துப் பிடித்தார்.

"மேடையில எதுக்கு அண்ணாச்சி? இங்கேயே சொல்லுங்க. இதுங்களுக்கும் கேக்கட்டும்."

ரீங்காரம் நின்றது.

சரிவு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சாய்ந்து கிடந்தவை, கழுத்தளவு நின்றவை, புதைந்து நெற்றி மட்டும் தெரிந்தவை, எல்லாம் அந்திவெயிலில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அருளப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். காலடியில் கிடந்த ஒன்றை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார். ஒன்றும் பேசாமல் சாக்குக்குள் வைத்தார்.